குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறாள். மாப்பிள்ளையும் யாழினியும் நலம் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் யாழினி புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க, நீ சமையல் மேடையில் நின்றபடியே பதில் சொன்னதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் முக்கியக் கவலை என்ன? கம்யூனிசம். மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார்? சிவில் உரிமைகளுக்காகப் போராடினார். ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர் சொல். செரோக்கி. எல்லாம் சரியான பதில்தான். தேர்வில் நீ கட்டாயம் தேறிவிடுவாய்.

அப்புறம் போகிற போக்கில் என்னிடம் ஒன்று கேட்டாய். "ஏன்ப்பா, இந்த ஊர்க்காரங்க ஒரு பிணப் படத்தை இவ்வளவு கொண்டாடுறாங்க? மன்ரோவில்ங்கிற ஊர் மாலுக்குள்ள அந்த டைரக்டருக்குச் சிலையே வெச்சிருக்காங்க." நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ காலிங் பெல் அடிக்க, போனை வைத்துவிட்டாய். நீ கேட்டது ஜார்ஜ் ரொமேரோ எடுத்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தைப் பற்றி. அந்தக் கேள்வியை அப்படியே விட எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன், வாழ்நாள் முழுக்கச் சினிமா பார்த்தவன். இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் என் மகளே ஒரு கேள்வி கேட்டால் போனில் நாலு வார்த்தையில் முடிக்க முடியுமா? அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், சாவகாசமாகப் படி.

நீ குடியிருக்கும் பிட்ஸ்பர்கே சினிமா வரலாற்றில் பெரிய ஊர். 1905 ஜூன் மாதம் அங்கே ஸ்மித்ஃபீல்டு தெருவில் ஹாரி டேவிஸ் என்பவரும் அவருடைய மைத்துனர் ஜான் ஹாரிஸும் ஒரு கடையைக் காலி செய்து, நாற்காலி போட்டு, ஐந்து சென்ட் கட்டணத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை படம் ஓட்டினார்கள். நூறு பேர்கூட உட்கார முடியாத இடம். படம் பார்க்க மட்டுமே நடந்த இப்படிப்பட்ட மலிவுக் கொட்டகைகள் சில வருஷங்களிலேயே நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பரவிவிட்டன. வந்தவர்கள் யார்? இரும்பாலைத் தொழிலாளிகள். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் பிழைக்க வந்து, இங்கிலீஷ் சரியாகத் தெரியாதவர்கள். ஊமைப் படத்துக்கு மொழி தேவையில்லையே. உன்னைப் போலவே வெளியிலிருந்து வந்த ஜனங்கள் அமெரிக்காவை முதன்முதலில் பார்த்துப் பழகியது அந்தத் திரையில்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' 1968-இல் வந்தது. ஜார்ஜ் ரொமேரோவுக்கு அப்போது 28 வயது. பிட்ஸ்பர்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த சின்ன கம்பெனி அவர்களுடையது. நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, தெரிந்தவர்களிடம் வாங்கி, கடைசியில் சுமார் 1,14,000 டாலரில் முடித்தார்கள். ஹாலிவுட் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. உங்கள் ஊருக்கு வடக்கே எவன்ஸ் சிட்டி கல்லறைத் தோட்டத்தில் ஆரம்பக் காட்சி. பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. கறுப்பு வெள்ளை.

செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்கிறார்கள். சிலர் அந்தப் பண்ணை வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். அவர்களில் பென் என்பவன்தான் நிதானமானவன். கதவுக்கும் ஜன்னலுக்கும் பலகை அடிக்கிறான், வானொலியைத் தேடி எடுக்கிறான், பயந்து உறைந்துபோன பெண்ணுக்குக் காலணி கொண்டுவந்து போட்டுவிடுகிறான். கீழே நிலவறையில் ஒரு குடும்பம் ஒளிந்திருக்கிறது. அந்தக் குடும்பத் தலைவன் எல்லோரும் நிலவறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். பென் முடியாது என்கிறான். வெளியே பிணங்கள் கதவை இடிக்க, உள்ளே உயிரோடு இருக்கும் மனிதர்கள் யார் சொல்வதை யார் கேட்பது என்று சண்டை போட்டுக்கொண்டே ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

பென்னாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். கறுப்பினத்தவர் ஒருவரை மனதில் வைத்து அந்தப் பாத்திரத்தை எழுதவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார், எடுத்துக்கொண்டார்கள். முரட்டு லாரி டிரைவர் மாதிரி எழுதியிருந்த வசனத்தை அவரே மாற்றி, படித்த, அளந்து பேசுகிற மனிதனாக ஆக்கினார். அவனுடைய நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணம் செய்வதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1967 ஜூனில்தான். அடுத்த வருஷமே திரையில் ஒரு கறுப்பின மனிதன் வெள்ளைக்காரப் பெண்ணை அறைகிறான், வெள்ளைக்காரக் குடும்பத் தலைவனை எதிர்த்து நின்று துப்பாக்கியைப் பிடுங்குகிறான். அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டாம்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. அதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது. அந்த ராத்திரியில் பிழைப்பவன் பென் ஒருவன்தான். விடிந்ததும் காவல் அதிகாரியான ஷெரிஃபும் ஊர்க்காரர்களும் நாய்களோடும் துப்பாக்கிகளோடும் பிணங்களைச் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். சத்தம் கேட்டு பென் ஜன்னலோரம் எட்டிப் பார்க்கிறான். அவனையும் ஒரு பிணம் என்று நினைத்து நெற்றியில் சுடுகிறார்கள். அதோடு படம் நின்று, புள்ளி புள்ளியான புகைப்படங்களாக மாறுகிறது. இறைச்சிக் கொக்கிகளை வைத்துக்கொண்டு நிற்கும் வெள்ளைக்கார ஆண்கள், அவர்கள் காலடியில் பென்னின் உடல், பிறகு தீ. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று, பிணத்தைச் சுற்றி நின்று படம் எடுத்து, அதை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்த அட்டைகளில் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி நிமிஷங்கள் என்னவென்று உடனே புரியும்.

1968 ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். முடித்த படத்தைக் காரில் போட்டுக்கொண்டு விநியோகஸ்தர்களைத் தேடி நியூயார்க் போகும் வழியில் ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே வாரம் பிட்ஸ்பர்கில் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதி எரிந்தது, தேசியக் காவல் படை இறங்கியது. அக்டோபர் 1-ஆம் தேதி அதே ஊரின் ஃபுல்டன் தியேட்டரில் படம் வெளியானது. கிங் என்ன செய்தார் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் ஒரு வரி பதில் இருக்கிறது. அவர் செத்த வருஷத்தில் அந்த நாட்டின் அடிவயிற்றில் என்ன இருந்தது என்பதை நான் இந்த மலிவான பிணப் படத்தில்தான் பார்த்தேன். எடுத்தவர்கள் அரசியல் படம் எடுக்க உட்காரவில்லை. ஜனங்களைப் பயமுறுத்த நினைத்தார்கள். எதைக் காட்டினால் பயப்படுவார்கள் என்று தேடினால், அந்த வருஷம் வேறு எங்கே போய் நின்றிருக்க முடியும்?

படங்களுக்கு வயது வாரியாகத் தரம் பிரிக்கும் முறை அங்கே 1968 நவம்பரில்தான் வந்தது. அதனால் வழக்கமான பேய்ப் படம் என்று நினைத்துக் குழந்தைகளை மேட்னி ஷோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோஜர் ஈபர்ட் என்ற விமர்சகர் அப்படி ஒரு காட்சியில் உட்கார்ந்து, சத்தம் அடங்கிக் குழந்தைகள் உறைந்துபோனதையும், ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுததையும் எழுதியிருக்கிறார். ஆகவே யாழினிக்கு இப்போது வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் பாருங்கள். காசும் கொடுக்க வேண்டாம். வெளியிடுவதற்கு முன் பெயரை மாற்றியபோது காப்புரிமை வரி டைட்டிலில் விட்டுப்போனதால், அன்றிலிருந்து அது பொதுச் சொத்து. அதனால் ரொமேரோவுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. ஆனால் படம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்கப் படம் எதைப் பார்த்தாலும் முதலில் அது எந்த வருஷம் வந்தது என்று பார், கவிதா. கதை 1870-இல் நடக்கலாம், செவ்வாய்க் கிரகத்தில்கூட நடக்கலாம். எடுத்தவர்களும் பார்த்தவர்களும் தங்கள் வருஷத்துக் கவலைகளோடுதான் தியேட்டருக்குள் வந்திருப்பார்கள். பரிசுக்காக எடுக்கும் பெரிய படங்களில் நாடு யோசித்துப் பேசும். குதிரைப் படம், ரவுடிப் படம், பேய்ப் படம் போன்றவற்றில் யோசிக்காமல் வாய்விட்டுவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

குதிரைப் படம் என்றதும் நம் ஊரில் 'மெக்கன்னாஸ் கோல்டு' ஞாபகம்தான் எல்லோருக்கும் வரும். ஜெய்சங்கர்கூட கர்ணன் இயக்கத்தில் தொப்பியும் துப்பாக்கியுமாக நடித்தார். தொப்பியும் குதிரையும் இங்கே வந்தன, அவற்றுக்குப் பின்னால் அங்கே நடந்த சண்டை வரவில்லை. அந்தச் சண்டை தெரிய வேண்டுமானால் 'ஹை நூன்' பார்க்க வேண்டும். 1952. இயக்கியவர் ஃப்ரெட் ஜின்னமன், எழுதியவர் கார்ல் ஃபோர்மன்.

கதை ரொம்பச் சின்னது. ஊர்க் காவல் அதிகாரியான வில் கேன் என்ற மார்ஷலுக்கு அன்று காலை கல்யாணம். பதவியை விட்டுவிட்டு மனைவியோடு ஊரை விட்டுக் கிளம்புகிறான். அவன் முன்பு பிடித்துக் கொடுத்த ரவுடி விடுதலையாகி மத்தியான ரயிலில் பழிவாங்க வருகிறான் என்று தந்தி வருகிறது. கேன் திரும்பி வந்து ஊராரிடம் துணை கேட்கிறான். படம் ஓடுவது 85 நிமிஷம், கதையும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரமே நடக்கிறது. அடிக்கடி சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கைவிரிக்கிறார்கள். நீதிபதி சுவரில் தொங்கிய தேசியக் கொடியை மடித்து, நியாயத் தராசையும் சட்டப் புத்தகத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு குதிரை ஏறுகிறார். நண்பன் ஒருவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே மனைவியை அனுப்பி, 'அவர் வீட்டில் இல்லை' என்று சொல்லச் சொல்கிறான். தேவாலயத்தில் ஊரே கூடிப் பேசுகிறது. ஆளுக்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள், ஒவ்வொன்றும் கேட்கச் சரியாகவே இருக்கிறது. கடைசியில் நீ ஊரை விட்டுப் போய்விடு, அதுதான் எல்லோருக்கும் நல்லது என்று முடிக்கிறார்கள்.

இது வெறும் கௌபாய் கதையா? உன் குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்திருக்குமே, கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராக இருந்ததுண்டா என்று. 'இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பாய். அதே கேள்வியை 1947-இலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ஒரு குழு ஹாலிவுட் ஆட்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஸ்டூடியோ முதலாளிகள் நியூயார்க்கில் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடி, அவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிக்கை விட்டார்கள். அதற்கப்புறம் வேலை கொடுக்கக் கூடாதவர்கள் என்று ஒரு கறுப்புப் பட்டியலே உருவாகி, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. தப்பிக்க ஒரே வழி, கூட இருந்தவர்களின் பெயரைச் சொல்வதுதான்.

ஃபோர்மன் ஒரு காலத்தில் கட்சியில் இருந்து வெளியேறியவர். 'ஹை நூன்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1951 செப்டம்பரில், அவரைக் குழு முன் கூப்பிட்டார்கள். அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. கூட்டாளிகள் விலகிக்கொண்டார்கள். தேவாலயத்தில் ஊரார் பேசும் பேச்சில் சில தன் நண்பர்களே தன்னிடம் சொன்னவை என்று அவர் பிறகு சொன்னார். படம் வெளிவந்தபோது அவர் ஊரை விட்டே போய், இங்கிலாந்தில் இருந்தார். உன் புத்தகத்தில் 'கம்யூனிசம்' என்று ஒரே சொல்லில் இருக்கும் பதிலுக்குப் பின்னால், கதவைத் திறக்காத நண்பர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்.

கேனாக நடித்த கேரி கூப்பர் வலதுசாரி. இருந்தும் அவர் ஃபோர்மனை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவருக்கு ஆஸ்கர் கிடைத்தபோது ஊரில் இல்லாததால், மேடையேறி அதை வாங்கியவர் ஜான் வெய்ன். கம்யூனிஸ்டுகளை ஹாலிவுட்டிலிருந்து விரட்டப் பாடுபட்ட சங்கத்தின் தலைவரே அவர்தான். அன்று மேடையில் இந்த வேஷம் தனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்கிற மாதிரி பேசினார். 1971-இல் ஒரு பேட்டியில் அமெரிக்கத்தன்மைக்கே விரோதமான படம் என்று அதே படத்தைத் திட்டினார். நடுவில் 1959-இல் அவரும் இயக்குநர் ஹோவர்டு ஹாக்ஸும் 'ரியோ பிராவோ' எடுத்தார்கள். அதில் ஷெரிஃப் யாரிடமும் போய்க் கெஞ்ச மாட்டான், வலிய வருகிற உதவியையும் வேண்டாம் என்பான். 'ஹை நூன்' பிடிக்காததால்தான் அதை எடுத்ததாக ஹாக்ஸே சொன்னார். ஒரு படத்துக்கு இன்னொரு படத்தால் பதில்! இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அந்தக் காலத்து அமெரிக்கர்கள் சாப்பாட்டு மேஜையில் போட்ட சண்டை உன் காதில் விழும்.

'ஹை நூன்' படத்தை ஜனாதிபதி ஐசனோவர் விரும்பிப் பார்த்தார், பின்னாளில் ஜனாதிபதி கிளின்டனும் வெள்ளை மாளிகையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இருவரும் எதிரெதிர்க் கட்சி. 1989 ஜூனில் போலந்துத் தேர்தலில் சாலிடாரிட்டி இயக்கம், கூப்பர் கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச் சீட்டைக் கொடுத்துச் சுவரொட்டி அடித்தது. கம்யூனிஸ்டு என்று துரத்தப்பட்டவர் எழுதிய பாத்திரம், கம்யூனிஸ்டு ஆட்சியை எதிர்த்துச் சுவரில் நின்றது. நல்ல கதையை யாரும் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஃபோர்மன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாடு விட்டுப் போன அவரும், அவருக்குப் பிறகு அதே கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சனும் 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்குத் திரைக்கதை எழுதினார்கள். 1957-இல் வந்தது, இலங்கையில் கிதுல்கலவில் களனி ஆற்றின்மேல் பாலம் கட்டி எடுத்தார்கள். பட்டியலில் இருப்பவர்களின் பெயரைப் போட முடியாது என்று நாவலாசிரியர் பெயரைப் போட்டார்கள், ஆஸ்கரும் அவருக்கே போனது. இருவரும் செத்த பிறகுதான் விருதில் அவர்கள் பெயர் ஏறியது. அது பாதிக் கதை. மீதி நம்முடையது. அந்தச் சயாம் ரயில்பாதையில் செத்தவர்களில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமானவர்கள் ஆசியத் தொழிலாளிகள். மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர். படத்தில் அவர்கள் இல்லை. அநியாயமாக விடுபட்ட பெயர்களைப் பற்றி யாரைவிடவும் நன்றாகத் தெரிந்த இருவர் எழுதிய படத்திலேயே அவர்கள் விடுபட்டுப்போனார்கள். திரையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதையும் பார்.

பூர்வகுடி மக்களுக்கு நடந்தது இதைவிட மோசம். அவர்களைத் திரையில் காட்டினார்கள், கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், ஆனால் மலைமேல் வரிசையாக நின்று கத்திக்கொண்டு இறங்கும் எதிரிகளாகத்தான். அந்தப் பார்வை எப்போது ஆட்டம் கண்டது தெரியுமா? வியட்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற செய்தி 1969 நவம்பரில் வெளியே வந்தது. 1970-இல் 'சோல்ஜர் புளூ', 'லிட்டில் பிக் மேன்' என்று இரண்டு படங்கள். இரண்டிலும் குதிரைப் படை கிராமத்துக்குள் புகுந்து கொன்று தீர்க்கிறது, எக்காளம் ஊதி வருகிற அந்தப் படைதான் இப்போது கொலைகாரன். முதல் படத்துக்கு ஆதாரம் 1864-இல் கொலராடோவில் சாண்ட் கிரீக் என்ற இடத்தில் நடந்த படுகொலை. நூறு வருஷத்துக்கு முந்தைய சம்பவம், எல்லோருக்கும் எட்டும் புத்தகங்களில் இருந்தது. ஆனால் அதைத் திரையில் பார்க்கும் மனது வருவதற்கு ஒரு வியட்நாம் வேண்டியிருந்தது. உன் புத்தகம் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லச் சொல்கிறது. செரோக்கி என்று சொல், சரி. அவர்களை எங்கிருந்து எங்கே நடத்தியே விரட்டினார்கள் என்று யாழினியைத் தேடிப் படிக்கச் சொல்.

ரவுடிப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1931-இல் 'தி பப்ளிக் எனிமி' படத்தில் ஜேம்ஸ் காக்னி கள்ளச் சாராய ரவுடி. மதுவிலக்கும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்திருந்த காலம், வேலையில்லாதவன் அவனைப் பார்த்துக் கை தட்டினான். 1934-இல் தணிக்கை விதிகள் கடுமையாயின. 1935-இல் அதே காக்னி 'ஜி மென்' படத்தில் ரவுடிகளைப் பிடிக்கிற மத்திய அரசு அதிகாரி. நடை, பேச்சு, துப்பாக்கி எல்லாம் பழையதுதான், சட்டைப் பையில் அடையாள அட்டை மட்டும் புதிது. ரூஸ்வெல்ட் அரசு ஜனங்களிடம் வளர்க்க நினைத்த நம்பிக்கையை அந்த அட்டையில் பார்க்கலாம்.

சினிமா நடந்ததை மட்டும் காட்டும் என்று நினைத்துவிடாதே. நடக்கவும் வைக்கும். 1915-இல் 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையடைந்த கறுப்பினத்தவர்களை மிருகங்களாகவும், அவர்களை வேட்டையாடிய கு க்ளக்ஸ் க்ளான் கும்பலை வீரர்களாகவும் காட்டிய படம். ஜனாதிபதி வில்சனுக்கு வெள்ளை மாளிகையிலேயே போட்டுக் காட்டினார்கள். அழிந்துபோயிருந்த அந்தக் கும்பலை அதே வருஷக் கடைசியில் ஜார்ஜியாவில் ஸ்டோன் மவுண்டன் மலைமேல் சிலுவை கொளுத்தி மறுபடி தொடங்கினார்கள். அட்லாண்டாவில் படம் ஓடியபோது ஆள் சேர்க்கும் விளம்பரமும் கூடவே வந்தது. சிலுவை கொளுத்தும் சடங்குகூடப் பழைய கும்பலிடம் இருந்ததில்லை. படத்துக்கு ஆதாரமான நாவலிலிருந்தும் படத்திலிருந்தும் எடுத்துக்கொண்டதுதான். கேமராவை அத்தனை திறமையாகக் கையாண்ட படம் என்று சினிமாப் பாடங்களில் புகழ்வார்கள். திறமை உண்மைதான். அந்தத் திறமை என்ன செய்தது என்பதைச் சேர்த்துச் சொல்லாத ஆசிரியரை நான் மதிக்க மாட்டேன். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் ஊர் ஊராக அந்தப் படத்தை எதிர்த்து நின்றது, ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் 1920-இல் 'விதின் அவர் கேட்ஸ்' எடுத்துக் கும்பல் கொலையைத் திரையில் காட்டினார். இந்த எதிர்ப்பையும் சேர்த்துத்தான் அந்த நாடு. நீ உறுதிமொழி எடுக்கும்போது இவர்களையும் நினைத்துக்கொள்.

இனி அந்த மால். ரொமேரோ பத்து வருஷம் கழித்து 1978-இல் 'டான் ஆஃப் த டெட்' என்று எடுத்த படத்தில் உயிரோடிருக்கும் நாலு பேர் ஒரு மாலுக்குள் அடைக்கலம் புகுகிறார்கள். கடை பூட்டிய பிறகு ராத்திரி ராத்திரியாக எடுத்த அந்த இடம்தான் நீங்கள் சாமான் வாங்கப் போகும் மன்ரோவில் மால். பிணங்களும் அங்கேயே வருகின்றன. ஏன் இங்கே வருகின்றன என்று ஒருத்தி கேட்க, உயிரோடிருந்த காலத்தில் இது அவர்களுக்கு முக்கியமான இடம், அந்த ஞாபகம் என்கிறான் இன்னொருவன். அதே சமயத்தில் உங்கள் ஊர் இரும்பாலைகளுக்கு முடிவு நெருங்கிக்கொண்டிருந்தது. 1986-இல் ஹோம்ஸ்டெட் ஆலையும் மூடிவிட்டது. உழைத்துச் சம்பாதித்த ஊர் வாங்கிச் செலவழிக்கும் ஊராக மாறிக்கொண்டிருந்ததை அந்த மாலின் எஸ்கலேட்டரில் ஏறி இறங்கும் பிணங்களில் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. நீங்கள் போகிற பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவில் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான், 1976-இல் வந்தது. 1965-இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தாமல் இருந்திருந்தால் அதைக் கட்டிய டாக்டர்களும் எஞ்சினியர்களும் அங்கே வந்திருக்கவே முடியாது. ஒரு ஊர் ஒரே சமயத்தில் காலியாகவும் நிரம்பவும் செய்தது. முதல் பாதியைப் படம் எடுத்தார்கள், இரண்டாவது பாதியை யாராவது எடுக்க வேண்டும். யாழினியிடம் சொல்லி வை.

கடைசியாக ஒரு படம். 2017-இல் ஜோர்டன் பீல் எடுத்த 'கெட் அவுட்'. கறுப்பின இளைஞன் ஒருவன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்கிறான். எல்லாரும் அவனிடம் அன்பாகத்தான் பேசுகிறார்கள், அந்த அன்புதான் பயமே. முடிவில் ரத்தக் காயத்தோடு தப்பித்து ரோட்டில் நிற்கும்போது சிவப்பும் நீலமுமாகப் போலீஸ் விளக்கு தெரிகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் திரையில் சொல்லவில்லை, பார்ப்பவர்களுக்கே தெரியும். பென்னை ஜன்னலோரம் சுட்டபோது பிறக்காதவர்களுக்கும் தெரியும். பீல் முதலில் வைத்திருந்த முடிவில் அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். பிறகு மாற்றிவிட்டார். காரிலிருந்து இறங்குவது அவனுடைய நண்பன். அந்த மாற்றம் சரி என்பது என் கட்சி. உன் அம்மா பழைய முடிவுதான் உண்மை என்கிறாள், இன்னும் சண்டை ஓயவில்லை. நீ பார்த்துவிட்டு உன் கருத்தைச் சொல்.

'ஹை நூன்' படத்தை யாழினியோடு பார். அவளுக்குப் புரியும், முழுக்கப் பார்க்கவும் வைக்கும். தேவாலயக் காட்சியில் நிறுத்தி, இவர்களில் யார் சொல்வது நியாயம் என்று அவளிடம் கேள். அவள் சொல்வதை எனக்கு அப்படியே எழுது. 'ரியோ பிராவோ' நீளமான படம், விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை உனக்கும் மாப்பிள்ளைக்கும். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

தேர்வுத் தேதி வந்ததும் சொல். உறுதிமொழி எடுக்கும் நாளில் நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள். பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் அரைத்து வைத்திருக்கிறாள், புதன்கிழமை கூரியரில் போடுகிறேன். போன தடவை மாதிரி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடப் போகிறான், கவனமாகப் பார்த்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா